இனிப்புநீர், பெட் ஸ்கேன், ஒரு இ4: பினாங்கு ஆசிரியை ஒருவரின் அல்சைமர் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 68. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் மகன், மருமகளோடு இருக்கிறார். மகனுக்குப் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் கோலாலம்பூரில் ஒரு வங்கியில் இருக்கிறார், வயது 38. ஆசிரியைக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. அதற்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின்.

இது தனி ஒருவருடைய கோப்பு அல்ல. நினைவாற்றல் கிளினிக்கில் நம் குடும்பங்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பவற்றைக் கோத்து ஒருவருடையதாக எழுதியிருக்கிறேன். மருத்துவம் சார்ந்தவை அனைத்தும் உள்ளபடியே இருக்கின்றன. எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. மரபணுப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கேட்பது: “அம்மாவுக்கு ஏன் வந்தது? எனக்கும் வருமா?” இந்த இரண்டுக்கும் ஒரே தாளில் பதில் இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். இருக்காது. அதை விளக்க ஒரு நோயாளியை முழுவதுமாகச் சொல்லியாக வேண்டும்.

வரலாறு

“கேட்டதையே கேட்டுக்கிட்டு இருக்காங்க டாக்டர். வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்,” என்றார் மகன். எவ்வளவு நாளாக என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்கும். மின்சாரக் கட்டணத்தை ஒரே மாதத்தில் இரண்டு முறை கட்டியிருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அதே பேச்சை மூன்று தடவை தொடங்கியிருக்கிறார். இவற்றை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டை உலுக்கியது வேறொரு சம்பவம். ஒரு வெள்ளிக்கிழமை லெபோ பசாரில் பூ வாங்கப் போனவர், அங்கிருந்து கொம்தார் பேருந்து நிலையத்துக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார். ஆயுள் முழுக்க நடந்த தெரு அது. பூக்கடைக்காரர்தான் கைப்பேசியை வாங்கி மகனை அழைத்திருக்கிறார். அதற்கடுத்த பொங்கலுக்கு வாசலில் புள்ளிக் கோலம் போட உட்கார்ந்தவர், புள்ளிகளை வைத்துவிட்டு, கம்பியை எங்கிருந்து இழுப்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டாராம். மருமகள் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார், மாமியாரைக் குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்ற பயத்தோடு. எனக்கு அன்று கிடைத்த மிக முக்கியமான தகவல் அதுதான். மறதி மட்டும் இருந்தால் பத்துக் காரணங்கள் சொல்லலாம். வழி தவறுவதும் கோலம் கலைவதும் சேரும்போது மூளையின் பின்பக்கம், பக்கச்சுவர் மடலையும் அதை ஒட்டிய உள்பகுதியையும் நினைக்க வேண்டும்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டேன். ஆசிரியையின் தாயார் கெடாவில் ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். கடைசிக் காலத்தில் இரவில் எழுந்து பால்மரம் வெட்டப் போக வேண்டும் என்று வாளியைத் தேடுவாராம். “பாட்டிக்குப் புத்தி மாறிப்போச்சுன்னு சொல்வாங்க,” என்றார் மகள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் அதற்குமேல் ஒரு பெயர் யாரும் வைக்கவில்லை.

பரிசோதனை

கேள்வி கேட்டதும் மகன் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு கேள்விக்கும். சிறிய செய்கைதான், ஆனால் அல்சைமரில் அடிக்கடி காண்பது. பேச்சு கண்ணியமாக, முழு வாக்கியங்களாக இருந்தது. வகுப்பில் நடத்திய செய்யுள் ஒன்றைக் கேட்டபோது தடங்கலில்லாமல் சொன்னார். முகமும் மலர்ந்தது. “டீச்சர், காலையில என்ன பசியாறினீங்க?” என்றால் தெரியவில்லை.

நினைவாற்றலையும் சிந்தனையையும் மதிப்பிடும் மோகா சோதனையைத் தமிழில் செய்தோம். 30க்கு 19. இதில் 26க்குக் கீழே வந்தால் மேலும் ஆராய வேண்டும். மொத்தத்தைவிட மதிப்பெண் எங்கே போனது என்பதே பேசும். ஐந்து சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் பகுதியில் சுழியம். வகையைக் குறிப்பாகச் சொல்லியும் ஒன்றுகூட வரவில்லை. குறிப்புக் கொடுத்தால் சொல் திரும்ப வருமானால், உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் சிரமம் என்று பொருள். இவருக்குப் பதியவே இல்லை. கடிகாரத்தில் எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்தன. மனச்சோர்வுக்கான கேள்விகளில் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. நடை, தசை இறுக்கம், கைநடுக்கம் எல்லாம் இயல்பு.

ரத்தத்தில் தைராய்டு சரி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.9%. வைட்டமின் பி12 இயல்பு எல்லைக்குக் கீழே. மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த செய்தி. வாரத்தில் பாதி நாள் சைவம் சாப்பிடும் வீட்டில் இன்னும் எளிதாகக் குறையும். நம் மக்கள் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மெட்ஃபார்மின் சாப்பிடும் பெரியவருக்கு மறதி என்றால், ஸ்கேனுக்குக் காசு தேடுமுன் பி12 பார்க்க வேண்டும். விலை குறைந்த பரிசோதனை, ஊசி போட்டால் சரியாகிவிடக்கூடிய குறை. இவருக்கும் ஊசி போட்டோம். சில மாதம் கழித்து மோகா 20. அசதி குறைந்தது, மறதி அப்படியே நின்றது. பி12 துணைக் குற்றவாளியாக இருக்கலாம், முதல் குற்றவாளி அல்ல.

எம்ஆர்ஐயில், புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் இரண்டு பக்கமும் வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது. பக்கவாதத் தழும்பு இல்லை.

தள்ளிப்போன ஸ்கேன்

இந்த இடத்தில் எஃப்டிஜி பெட் ஸ்கேனுக்கு அனுப்பினோம். மூளை உடல் எடையில் 2% அளவுதான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20% அதற்கே போகிறது. அந்தச் சக்திக்கு முதல் எரிபொருள் குளுக்கோஸ். எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃப்ளூரின்-18 ஒட்டிய குளுக்கோஸ் போன்ற பொருள். குளுக்கோஸ் நுழையும் வாசல் வழியாகவே செல்லுக்குள் போகும், முதல் படியில் பாஸ்பேட் ஏறும், அதற்குமேல் எரியாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எந்தப் பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாகக் குளுக்கோஸை எடுக்கிறது என்று இப்படிப் படம் கிடைக்கிறது. ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம், ஆகவே அன்றைக்குத் தயாரித்ததை அன்றைக்கே செலுத்தியாக வேண்டும்.

ஸ்கேன் நாளன்று ஆசிரியை வெறும் வயிற்றோடு போயிருக்கிறார். விரல் நுனியில் சர்க்கரை பார்த்தால் 13.2 மில்லிமோல். ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அங்கேயே நிறுத்தினார்கள். கோலாலம்பூரிலிருந்து லீவு போட்டு வந்த மகளுக்கு மனம் வெறுத்துப்போனது, அது புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு மிகச் சரியானது.

ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அது எஃப்டிஜியோடு போட்டி போடும், படம் மங்கும். இது ஒரு பாதி. கவலைக்குரிய பாதி வேறு. சர்க்கரை ஏறியிருக்கும்போது மூளை முழுவதும் சமமாக மங்குவதில்லை. பின்பக்க உள்பகுதியான பிரிக்யூனியஸும் அதைச் சார்ந்த பகுதிகளும் கூடுதலாக மங்குகின்றன. நல்ல நினைவாற்றல் உள்ளவர்களையே சர்க்கரை ஏறிய நிலையில் ஸ்கேன் செய்தபோது அல்சைமர் சாயல் தெரிந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்புநீர், இல்லாத அல்சைமரைப் படத்தில் வரைந்துவிடக்கூடும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3% பேருக்கு இனிப்புநீர். இந்தியரிடையே அது மற்றவர்களைவிட அதிகம். ஆகவே இது நம் வீடுகளுக்கு எட்டாத நுணுக்கம் அல்ல.

இந்தச் சம்பவத்தால் இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. சர்க்கரை ஏன் இவ்வளவு ஏறியது என்று வீட்டில் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தார் மருமகள். சில நாள் மாத்திரையே போடவில்லை, சில நாள் இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார். கிளிக்லசைடை இரட்டிப்பாகப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அடிக்கடி அப்படி இறங்குவது மறதியை இன்னும் மோசமாக்கும். சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டது நோயின் காரணம் மட்டுமல்ல, விளைவும்கூட. கிளிக்லசைடை நிறுத்தி, சர்க்கரையை அப்படி இறக்காத மருந்துக்கு மாற்றினோம். வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி இனி மருமகள் கையில்.

சில வாரம் கழித்து, சர்க்கரை 7.1 இருந்த நாளில், ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏறும் நேரத்தில் மங்கலான அறையில் பேச்சு, கைப்பேசி எதுவும் இல்லாமல் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். பேசினால் மூளையின் பேச்சுப் பகுதி கூடுதலாகக் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

முடிவு: பின் சிங்குலேட், பிரிக்யூனியஸ், இருபக்கப் பக்கச்சுவர்-நெற்றிப்பொட்டு மடல்கள் ஆகியவற்றில் தெளிவான குறைவு, இடப்பக்கம் அதிகம். முன்மடலில் லேசாக. கை கால் அசைவையும் தொடுவுணர்வையும் கவனிக்கும் பட்டை, பார்வைப் பகுதி, தாலமஸ், சிறுமூளை எல்லாம் நன்றாக ஒளிர்ந்தன. லூயி உடல் மறதி நோய் என்ற வேறு வகையாக இருந்தால் பார்வைப் பகுதி மங்கும். முன்-நெற்றிப்பொட்டு வகையாக இருந்தால் முன்பக்கம்தான் முதலில் இருண்டிருக்கும். இவருக்கு அப்படி இல்லை. கொம்தாருக்கு வழி தவறியதும் கோலக் கம்பி தொலைந்ததும் அந்த இருண்ட பின்பகுதியில் வந்து பொருந்தின. அல்சைமராக இருக்க அதிக வாய்ப்புள்ள மறதி நோய் என்று கோப்பில் எழுதினேன். அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை எஃப்டிஜி காட்டாது, பாதிப்பின் இடத்தையும் அளவையும் காட்டும். ஆகவே நூறு சதவீதம் என்று எழுதவில்லை.

“அப்படின்னா சர்க்கரை கூடக் கொடுக்கலாமா?”

மகன் கேட்டது இது. படத்தில் மூளை குளுக்கோஸ் இல்லாமல் இருண்டு கிடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? நான் சொன்ன பதில்: கடைகள் மூடிக்கிடக்கும் தெருவில் எத்தனை லாரி அரிசி வந்து நின்றாலும் விற்பனை நடக்காது. நரம்பு இணைப்புகள் அழிந்த இடத்தில் தேவை குறைகிறது, அதனால் குளுக்கோஸ் எடுப்பதும் குறைகிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றினால் மீதி இருப்பதும் கெடும்.

முழு உண்மை இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. நரம்பு செல்களுக்கு உணவு ஏற்பாடு செய்வதில் ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை குளுக்கோஸை லாக்டேட்டாக்கி நரம்பு செல்லுக்குக் கொடுக்கின்றன என்ற கருத்தை 1994இல் பெலராவும் மஜிஸ்ட்ரெட்டியும் முன்வைத்தார்கள். எஃப்டிஜி ஒளியில் கணிசமான பங்கு ஆஸ்ட்ரோசைட்டுகளின் வேலையைக் காட்டுகிறது என்று 2017இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்றும் சொன்னது. ஆகவே இருட்டு என்றால் “செல் செத்துவிட்டது” என்று மட்டும் படிக்கக் கூடாது.

2005இல் அமெரிக்காவில் சுசான் டி லா மோன்டேயின் குழு அல்சைமருக்கு “மூன்றாம் வகை நீரிழிவு” என்று ஒரு பெயர் வைத்தது. மூளையில் இன்சுலின் சமிக்ஞை குன்றுவதை அடிப்படையாகக் கொண்ட பெயர். ஆராய்ச்சிக்கு அது பயன்பட்டிருக்கலாம். குடும்பங்களிடம் நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால், இனிப்புநீர் மருந்தே மறதிக்கும் மருந்து என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டாம் வகை இனிப்புநீர் மறதி நோயின் வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகிறது என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். அதுவே போதுமான எச்சரிக்கை.

மகள் தேங்காயெண்ணெய் பற்றியும் கேட்டார். அதன் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது: அல்சைமரில் குளுக்கோஸ் எடுப்பது குறைந்தாலும் கொழுப்பு உடையும்போது உண்டாகும் மாற்று எரிபொருளான கீட்டோன்களை மூளை எடுப்பது ஏறத்தாழ இயல்பாகவே இருக்கிறது என்று கனடாவில் ஸ்டீபன் கனேனின் குழு காட்டியிருக்கிறது. ஆனால் தேங்காயெண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அது கீட்டோனை அதிகம் தராது. கீட்டோன் தரும் மருத்துவப் பானம் ஒன்றை வைத்து 2009இல் நடந்த சோதனையில், அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் இ4 என்ற மரபணு வடிவம் இல்லாதவர்களுக்குச் சற்றுப் பலன் தெரிந்தது. அடுத்து வந்த பெரிய சோதனை அதை உறுதிப்படுத்தவில்லை. மறுபக்கம், தேங்காயெண்ணெய் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை ஏற்றும். அது ஏறுவது மறதி நோய்க்கான ஆபத்துகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணையம் சேர்த்திருக்கிறது. சமையலுக்குத் தேங்காயெண்ணெய் இருக்கட்டும், கரண்டி கரண்டியாகக் குடிக்க வேண்டாம் என்றேன்.

மரபணுத் தாள்

மகள் தானாகவே ஒரு தனியார் ஆய்வகம் மூலம் அம்மாவின் ஏபோ-இ மரபணுவைப் பார்த்திருந்தார். முடிவு இ3/இ4. நான் கேட்டு எடுத்த பரிசோதனை அல்ல. நோயைக் கண்டறிய அது தேவைப்படவும் இல்லை. இ4 இருந்தும் மறதி வராதவர்கள் ஏராளம், இ4 இல்லாமலே அல்சைமர் வருபவர்களும் ஏராளம். ஆனால் தாள் வந்துவிட்டது, விளக்குவது கடமை.

ஏபோ-இ மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இ2, இ3, இ4 என்று மூன்று வடிவங்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒருவருக்கு இரண்டு இருக்கும். புரதத்தின் 112ஆம், 158ஆம் இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா ஆர்ஜினின் இருக்கிறதா என்பதே வித்தியாசம். மூளைக்குள் இந்தப் புரதத்தை அதிகம் செய்வது ஆஸ்ட்ரோசைட்டுகள்தான். கொழுப்பை ஏற்றிச் செல்வது அதன் வேலை. இ4 வடிவம் அமிலாய்டை அப்புறப்படுத்துவதில் மந்தமானது. இதற்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பை 1993இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழு வெளிக்கொண்டுவந்தது. 1997இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இ3/இ3 உள்ளவர்களோடு ஒப்பிட, இ3/இ4 உள்ள வெள்ளையரிடம் அல்சைமர் வாய்ப்பு விகிதம் சுமார் 3, ஜப்பானியரிடம் 5.6, ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் 1.1. ஒரே மரபணு, மூன்று எண்கள். வட இந்தியாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வில் இ4 பரவல் அமெரிக்க ஒப்பீட்டுப் பகுதியைவிடக் குறைவாக இருந்தது. ஆய்வக அறிக்கையில் அச்சிட்ட “மூன்று மடங்கு” என்பதை ஜெலுத்தோங்கில் இருக்கும் தமிழ்க் குடும்பம் தன் தலையெழுத்தாகப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மகள் இன்னும் ஒரு படி போயிருந்தார். இ4 உள்ள இளைஞர்களின் மூளையிலேயே குளுக்கோஸ் குறைவு தெரிகிறது என்று படித்துவிட்டு, தனக்கும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். அவர் படித்தது உண்மை. அரிசோனாவில் எரிக் ரைமன் குழு 1996இல், 50 முதல் 65 வயதுக்குட்பட்ட, நினைவாற்றல் நன்றாக இருந்த இ4/இ4 நபர்களிடம் அல்சைமரில் மங்கும் அதே பகுதிகள் மங்கியிருப்பதைக் காட்டியது. 2004இல் 20 முதல் 39 வயதுள்ளவர்களிடமும் பார்த்தார்கள்: ஒரு இ4 உள்ள 12 பேர், இல்லாத 15 பேர். வித்தியாசம் அங்கேயும் இருந்தது. மகளின் வயது அந்த வரம்புக்குள் விழுகிறது. அவர் பயந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த ஆய்வுகள் சொல்வது குழுச் சராசரி. 12 பேரின் சராசரியையும் 15 பேரின் சராசரியையும் கணினியில் வைத்துக் கழித்தால் தெரியும் வித்தியாசம், ஒருவருடைய படத்தைத் தனியே வைத்துப் பார்த்தால் இயல்பின் எல்லைக்குள் கரைந்துவிடும். அறிகுறி எதுவும் இல்லாத 38 வயதுப் பெண்ணின் படம் இயல்பாக இருந்தால் அது நாளைக்கு உத்தரவாதம் இல்லை. சற்று மங்கினால் அது நோயும் இல்லை. இருபது வயதில் தெரியும் அந்தக் குறைவு, இ4 மூளை வளர்ந்த விதமாகவோ எரிபொருளைக் கையாளும் விதமாகவோ இருக்கலாம். நோய் தொடங்கிவிட்டது என்று அதை வாசிக்க இடமில்லை. ஸ்கேனுக்கு அனுப்ப மறுத்தேன்.

“சரி டாக்டர், ஜீன் டெஸ்ட்டாவது எடுக்கட்டுமா?” என்றார். அம்மாவிடமிருந்து இ4 அவருக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. எடுக்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. பெற்றோருக்கு அல்சைமர் இருந்த பிள்ளைகளுக்கு ஏபோ-இ முடிவைச் சொன்ன அமெரிக்க ஆய்வு ஒன்றில், முறையான ஆலோசனையோடு சொன்னால் பெரும்பாலோர் மனமுடைந்து போவதில்லை என்று தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகு தெரியாததாக்க முடியாது. காப்பீட்டுப் படிவத்தில் கேட்டால் என்ன எழுதுவீர்கள், தம்பி தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால் அவரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போனார்.

அம்மாவின் இ4 ஒரே ஒரு இடத்தில் சிகிச்சையைத் தொடும். அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் போன்ற மருந்துகளில் மூளை வீக்கம் என்ற பக்க விளைவு உண்டு. 18 மாதச் சோதனையில் இரண்டு இ4 உள்ளவர்களில் 32.6%, ஒன்று உள்ளவர்களில் 10.9%, இல்லாதவர்களில் 5.4% பேருக்கு அது வந்தது. அந்தச் சோதனையில் சரிவு 27% மெதுவானது, நின்றுவிடவில்லை. இந்த எண்களை வைத்துக் குடும்பத்தோடு பேசினோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழி மருந்து, திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ, செலவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். அந்த முடிவை மதிக்கிறேன்.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொண்டதும் 10 ஆக்கினோம். பி12 தொடர்கிறது. எச்பிஏ1சி இலக்கை வேண்டுமென்றே தளர்த்தி 8% அருகில் வைத்திருக்கிறோம். இந்த நிலையில் சர்க்கரை இறங்குவதே பெரிய எதிரி. காது கேட்பதில் குறை இருந்தது, கருவி பொருத்தினார்கள். உயில், வங்கிக் கணக்கு விவரங்களை அவர் சுயமாக முடிவெடுக்க முடிகிற காலத்திலேயே முடிக்கச் சொன்னேன். காலையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித்தருகிறார். ஒரே பாடம்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது, சிறுவனின் தாயார் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஓராண்டு கழித்து மோகா 18. வழி தவறவில்லை, ஏனென்றால் தனியாக வெளியே போவதில்லை. இரவில் எழுந்து நடமாடத் தொடங்கியிருக்கிறார். மருமகளின் தூக்கம் கெடுகிறது. அடுத்த சில மாதங்களில் எங்கள் கவலை பெரும்பாலும் மருமகளைப் பற்றியதாக இருக்கும். பகல்நேரப் பராமரிப்பு இல்லம் தேடச் சொல்லியிருக்கிறேன்.

மகள் மரபணுப் பரிசோதனை எடுக்கவில்லை. அவருடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் சம்மதித்தார்: 144/92, எச்பிஏ1சி 6.0%. மலேசிய வழிகாட்டியின்படி அது இனிப்புநீருக்கு முந்தைய நிலை. லான்செட் ஆணையத்தின் கணக்கில், மாற்றக்கூடிய 14 ஆபத்துகளைச் சரிசெய்தால் உலகில் மறதி நோய்களில் சுமார் 45% தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும். நடுவயது ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கோலாலம்பூரில் அரசாங்க கிளினிக் ஒன்றில் இப்போது மருந்து எடுக்கிறார். இரவு ஷிப்டில் இருக்கும் மகன் இன்னும் எந்தப் பரிசோதனைக்கும் வரவில்லை. அடுத்த முறை அம்மாவோடு வரும்போது அவருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.